வீட்டூர்தியின் காற்றுவில்லைச் சுருள்வில்லாக மாற்றுதல்

வீட்டூர்தியின் காற்றுவில்லைச் சுருள்வில்லாக மாற்றுதல் என்பது, பழைய வீட்டூர்திகளில் உடலின் எடையைத் தாங்கும் காற்றடைத்த இரப்பர்ப் பைகளை அகற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் எஃகுச் சுருள்விற்களைப் பொருத்தும் பணியாகும். உறங்கவும் சமைக்கவும் வசதிகள் கொண்ட, தானே ஓடக்கூடிய மோட்டார் ஹோம் வகை வண்டியே இங்கு வீட்டூர்தி எனப்படுகின்றது. சக்கரங்களுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையில் இருந்து எடையைத் தாங்கி, அதிர்ச்சியை உள்வாங்கும் உறுப்புகளின் தொகுதி தொங்கலமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது சஸ்பென்ஷன் என்று அழைக்கப்படும்.

இம்மாற்றத்துக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரையான மாதிரி ஆண்டுகளில் உற்பத்தி செய்த ஜி.எம்.சி வீட்டூர்தியாகும். இக்கட்டுரை அவ்வூர்தியை முதன்மையாகக் கொண்டு, இம்மாற்றத்தின் காரணங்களையும், அடிப்படை இயற்பியலையும், செய்முறையையும், விளைவுகளையும் விளக்குகின்றது.

பின்னணி

காற்றைத் தாங்குபொருளாகப் பயன்படுத்தும் எண்ணம் பழமையானது. எனினும் 1930களில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் மேற்கொண்ட ஆய்வுகளுக்குப் பின்னரே ஊர்திகளுக்கேற்ற காற்றுவிற்கள் உருவாயின. 1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் தனது நெடுந்தொலைவுப் பேருந்துகளில் இவற்றைப் பெருமளவில் பயன்படுத்தத் தொடங்கியது. ஏறி இறங்கும் பயணிகளின் எண்ணிக்கை எவ்வளவு மாறினாலும் பேருந்தின் உயரம் மாறாதிருந்தது இதன் சிறப்பாகும். தொடர்ந்து 1957 ஆம் ஆண்டின் காடிலாக் எல்டொராடோ புரோம் போன்ற விலையுயர்ந்த தானுந்துகளிலும் காற்றுவிற்கள் இடம்பெற்றன.

ஜி.எம்.சி வீட்டூர்தி அக்காலத்தின் பிற வீட்டூர்திகளிலிருந்து பெரிதும் வேறுபட்டது. பெரும்பாலான நிறுவனங்கள் சரக்குந்தின் அடிச்சட்டத்தை வாங்கி அதன்மேல் வீட்டை அமைத்தன. ஜெனரல் மோட்டார்சோ அடிச்சட்டம், உடல் இரண்டையும் தானே வடிவமைத்தது. ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ தானுந்தின் முன்சக்கர இயக்கத் தொகுதி இதில் பயன்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் 455 கன அங்குலம் (ஏறத்தாழ 7.5 லிட்டர்) கொள்ளளவுள்ள பொறியும், பின்னர் 403 கன அங்குலம் (6.6 லிட்டர்) கொள்ளளவுள்ள பொறியும் பொருத்தப்பட்டன. 23 அடி, 26 அடி என்னும் இரு நீளங்களில் ஏறத்தாழ 12,900 ஊர்திகள் உருவாக்கப்பட்டன.

முன்சக்கரங்களே வண்டியை இழுத்ததால், பின்புறத்துக்குச் செல்லும் சுழல்தண்டும் பின் அச்சும் தேவைப்படவில்லை. எனவே தளத்தைத் தரைக்கு மிக அருகில் அமைக்க முடிந்தது. ஆனால் தாழ்ந்த தளத்தின் அடியில் வழமையான விற்களை நிறுத்திவைக்க இடமில்லை. இச்சிக்கலுக்குத் தீர்வாக வந்ததே கிடையாகப் படுத்திருக்கும் காற்றுப்பை ஆகும்.

மூலத் தொங்கலமைப்பு

முன்சக்கரங்கள் முறுக்குத் தண்டுகளால் தாங்கப்படுகின்றன. காற்றுவில் பின்புறத்தில் மட்டுமே உள்ளது. பின்புறத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. ஒவ்வொரு பக்கத்திலும் இரு சக்கரங்களுக்கு நடுவே அடிச்சட்டத்துடன் பிணைக்கப்பட்ட ஒரு தாங்கி இருக்கும். அதிலிருந்து ஒரு புயம் முன்னோக்கியும் மற்றொரு புயம் பின்னோக்கியும் நீண்டு சக்கரங்களைப் பிடித்துள்ளன. புயங்கள் தத்தம் சுழலச்சைச் சுற்றி மேலும் கீழும் அசையக்கூடியவை.

சுழலச்சுக்கு மேலாக ஒவ்வொரு புயத்திலும் ஒரு நீட்சி உண்டு. இவ்விரு நீட்சிகளுக்கும் இடையில் காற்றுப்பை கிடையாகப் பொருத்தப்பட்டுள்ளது. சக்கரம் மேலெழும்போது நீட்சி உள்நோக்கிச் சாய்ந்து பையை நெருக்கும். நெருக்கப்பட்ட பை இரு நீட்சிகளையும் ஒரே அளவு விசையுடன் வெளிநோக்கித் தள்ளும்.

இவ்வமைப்பின் முக்கிய விளைவு, முன், பின் சக்கரங்கள் இரண்டும் எப்போதும் ஏறத்தாழச் சமமான எடையைத் தாங்குவதாகும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் கூடுதல் விசை அதன்மேல் மட்டும் விழாமல் அடுத்த சக்கரத்துக்கும் பகிரப்படுகின்றது. இப்பகிர்வு காற்றினால் ஏற்படுவதன்று. இரு புயங்களுக்கும் இடையில் ஒரே வில் இருப்பதனால் ஏற்படுவதாகும். ஆகவே பையின் இடத்தில் ஒரு சுருள்வில்லை வைத்தாலும் இப்பண்பு மாறாது. சுருள்வில் மாற்றம் நடைமுறையில் இயலக்கூடியதாக இருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

மின் அமுக்கி, காற்றுத் தொட்டி, குழாய்கள், உயரத்தைக் கட்டுப்படுத்தும் அடைப்பிதழ்கள் ஆகியவை பைகளுக்குத் துணையாக உள்ளன. ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே வண்டியின் பின்புறத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ முடியும்.

காற்றுவில் பழுதுறும் காரணங்கள்

இவ்வூர்திகளில் மிகப் புதியதுகூட 1978 மாதிரியைச் சேர்ந்தது. எனவே மூலக் காற்று அமைப்பின் பல உறுப்புகள் தம் ஆயுளைக் கடந்துவிட்டன. பொதுவாகக் காணப்படும் பழுதுகள் பின்வருமாறு:

* இரப்பர் முதுமை: ஓசோன், வெப்பம், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றால் இரப்பரில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் இது நிகழும்.
* மெதுவான கசிவு: குழாய் இணைப்புகளிலும் அடைப்பிதழ்களிலும் ஏற்படும் கசிவால், இரவில் நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.
* ஈரம்: அமுக்கப்பட்ட காற்றில் உள்ள நீராவி தொட்டியில் நீராகத் தேங்கி, துருவை உண்டாக்கும். குளிர் நாடுகளில் அது உறைந்து அடைப்பிதழ்களை அடைத்துவிடும்.
* அமுக்கியின் தேய்வு: கசிவை ஈடுசெய்ய ஓயாது இயங்கும் அமுக்கி விரைவில் சூடேறிப் பழுதாகும்.

இவற்றுள் கடுமையானது ஓட்டத்தின்போது பை வெடிப்பதாகும். அப்போது அந்தப் பக்கத்தின் எடை முழுவதும் புயங்களின் தடுப்புக் கட்டைகள் மேல் விழும். உடல் தாழ்ந்து, பின்புறம் ஒரு பக்கமாகச் சாயும். நெடுஞ்சாலை வேகத்தில் இது ஓட்டுநருக்குப் பெரும் அதிர்ச்சியாக அமையும். பழுது பார்க்கும் இடம் வரை மெதுவாக ஓட்டிச் செல்வதும் கடினம். தொலைதூரப் பயணத்தின் நடுவே குடும்பத்துடன் வழியில் நிற்க நேரும் என்ற அச்சமே, பல உரிமையாளர்களைச் சுருள்வில்லை நாடச் செய்தது.

இரு விற்களின் இயற்பியல்

சுருள்வில்லின் விறைப்பு

ஒரு வில்லை 1 மில்லிமீட்டர் அமுக்கத் தேவையான விசை அதன் விறைப்பு எனப்படும். சுருள்வில்லின் விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர் விகிதத்திலும், சுருளின் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கும் இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர் விகிதத்திலும் இருக்கும். கம்பியின் விட்டத்தை 10% கூட்டினால் விறைப்பு 46% கூடிவிடும். சுருளின் விட்டத்தை 10% கூட்டினால் விறைப்பு ஏறத்தாழ 25% குறையும். எனவே "ஏறக்குறைய அதே அளவு" உள்ள வேறொரு வண்டியின் வில்லைப் பொருத்துவது பெரும் பிழையில் முடியலாம்.

காற்றுவில்லின் விறைப்பு

காற்றுவில் தாங்கும் விசை, உள்ளழுத்தத்தையும் பையின் பயனுறு பரப்பளவையும் பெருக்கக் கிடைப்பதாகும். எடை கூடும்போது அழுத்தமும் கூட்டப்படுகின்றது; அழுத்தம் கூடும்போது விறைப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகின்றது. இதனால் வண்டி காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் அதன் அதிர்வெண் பெரிதும் மாறுவதில்லை. சுருள்வில்லுக்கு இப்பண்பு இல்லை. அதன் விறைப்பு நிலையானது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை; எந்த ஊர்திக்குமான அளவீடுகள் அல்ல. ஒவ்வொரு பின்சக்கரத்தின் மேலும் 800 கிலோகிராம் திணிவு தாங்கியிருப்பதாகக் கொள்வோம். இதன் எடை 7,848 நியூட்டன். சுழலச்சிலிருந்து சக்கரத்துக்கு உள்ள தூரம், வில்லின் இணைப்புக்கு உள்ள தூரத்தைப்போல் இரு மடங்கு எனில், வில் தாங்கும் விசை ஏறத்தாழ 15,700 நியூட்டனாகும். பையின் பயனுறு பரப்பளவு 250 சதுர சென்டிமீட்டர் எனில் தேவையான அழுத்தம் 628 கிலோபாசுக்கல், அதாவது சதுர அங்குலத்துக்கு 91 இறாத்தல். இது வழமையான தானுந்துச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

இப்போது சுருள்வில்லைக் கருதுவோம். பயணத்துக்கு இதமான அதிர்வெண்ணாக நொடிக்கு 1.5 அதிர்வுகளைத் தேர்ந்தால், நிலையான எடையின் கீழ் சக்கரம் ஏறத்தாழ 110 மில்லிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும். இரு சக்கரங்களும் ஒருசேர அமுங்கும்போது, இரு புயங்களின் அசைவும் சேர்ந்து வில்லும் 110 மில்லிமீட்டர் அமுங்கும். எனவே வில்லின் விறைப்பு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 143 நியூட்டனாக இருக்க வேண்டும்.

சக்கரத்துக்கு 100 கிலோகிராம் எடை கூட்டினால் இவ்வில் கொண்ட வண்டியின் பின்புறம் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் தாழும், அதிர்வெண் 1.41 ஆகக் குறையும். மாறாக, எடை சக்கரத்துக்கு 600 கிலோகிராமாகக் குறைந்தால் பின்புறம் 28 மில்லிமீட்டர் உயரும்; அதிர்வெண் 1.73 ஆகும். நிறைவான எடைக்கு இதமாக இருந்த வில் காலி வண்டிக்குச் சற்று முரடாக இருப்பதன் காரணம் இதுவே. வீட்டூர்தியில் கட்டில், சமையலறை, பெட்டிகள் ஆகிய நிலையான எடையே மிகுதி. நீரும் எரிபொருளும் பயணிகளும் மட்டுமே மாறுபவை. பேருந்தைப்போல் எடை பெரிதும் மாறாததால், நிலையான விறைப்பு கொண்ட வில் இங்கு ஓரளவு பொருந்துகின்றது.

மாற்றும் முறை

விற்களின் தேர்வு

முதலில் வண்டியைப் பயணத்துக்கு ஆயத்தமான நிலையில், நீரும் எரிபொருளும் நிரப்பி, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எடை போட வேண்டும். சமையலறை, மின்கலங்கள், நீர்த்தொட்டி முதலியவை எந்தப் பக்கத்தில் உள்ளன என்பதைப் பொறுத்து இரு பக்க எடைகளும் வேறுபடலாம். காற்றமைப்பு இவ்வேறுபாட்டை அழுத்தத்தால் சரிசெய்துவிடும். சுருள்வில்லில் இதற்கென இருக்கையின் கீழ்த் தகடுகளை வைக்க வேண்டும், அல்லது திருகால் சரிசெய்யும் இருக்கையைப் பயன்படுத்த வேண்டும்.

கிடை நிலையின் சிக்கல்கள்

பெரும்பாலான ஊர்திகளில் சுருள்வில் நிமிர்ந்து நிற்கும். இங்கோ அது படுத்திருக்கும். புயங்கள் சுழலும்போது வில்லின் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று சாய்கின்றன. இரப்பர்ப் பை இச்சாய்வை எளிதில் ஏற்கும். எஃகு வில்லோ நடுவில் வளைந்து பிதுங்க முற்படும். எனவே முனைகளில் ஆழமான கிண்ண வடிவ இருக்கைகளும், சாய்வை ஏற்கும் அசையும் இணைப்புகளும் தேவை. வில் அடிச்சட்டத்திலோ புயத்திலோ உராயாதபடி போதிய இடைவெளியும் வேண்டும். உராய்ந்த இடத்தில் பூச்சு நீங்கித் துருப்பிடித்தால், அங்கிருந்தே களைப்பு முறிவு தொடங்கும்.

பொருத்துதல்

1. சமதரையில் முன்சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, அடிச்சட்டத்தை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். தூக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லக் கூடாது.
2. தொட்டியிலும் பைகளிலும் உள்ள காற்றை முழுவதுமாக வெளியேற்றிய பின்னரே குழாய்களைக் கழற்ற வேண்டும்.
3. பைகளை அகற்றிய பின், புயங்களின் சுழலச்சுகள், உருளிகள், தாங்கியின் பிணைப்பு மரைகள், பற்றவைப்புகள் ஆகியவற்றில் தேய்வோ வெடிப்போ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். தேய்ந்த சுழலச்சின் மேல் புதிய வில்லைப் பொருத்துவதால் பயனில்லை.
4. இருக்கைகளையும் வில்லையும் வைத்து, சக்கரங்களை மெதுவாக உயர்த்தி எடையை ஏற்ற வேண்டும்.
5. வண்டியைத் தரையில் இறக்கிச் சிறிது தூரம் ஓட்டி வில்லைப் படியவிட்டு, உயரத்தைக் குறிக்கப்பட்ட இடங்களில் அளந்து, இரு பக்கங்களையும் சமப்படுத்த வேண்டும்.
6. முன்சக்கரங்களின் கோணங்களையும் முகப்பு விளக்குகளின் நோக்கையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

கடைசிப் படி பலராலும் மறக்கப்படுவதாகும். 26 அடி ஊர்தியின் சக்கர இடைத்தூரம் 160 அங்குலம் (ஏறத்தாழ 4.06 மீட்டர்). பின்புறம் 25 மில்லிமீட்டர் உயர்ந்தால் வண்டி முழுவதும் ஏறத்தாழ 0.35 பாகை முன்னோக்கிச் சாயும். முன்சக்கரங்களைத் தாமே நேராகத் திரும்பச் செய்யும் பின்சாய்வுக் கோணமும் அதே அளவு குறையும். வில்லை மாற்றிய பின் "வண்டி சாலையில் அலைகிறது" என்று எழும் முறைப்பாடுகளுக்கு, வில்லைவிட இக்கோணமே காரணமாக இருப்பதுண்டு.

அதிர்வுத் தணிப்பான்கள்

வில் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருவது மட்டுமே. அதை வெப்பமாக மாற்றி அடக்குவது ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுத் தணிப்பானின் பணியாகும். விறைப்பு மாறினால் தேவைப்படும் தணிப்பும் மாறும். பழைய காற்றுவில்லுக்கு ஏற்றதாக இருந்த தணிப்பான், கூடுதல் விறைப்புள்ள சுருள்வில்லை அடக்கப் போதாமல், மேட்டைக் கடந்த பின்னும் வண்டியை ஆட விடலாம். மேலும் எஃகு, சாலையின் நுண்ணிய இரைச்சலை நேரடியாக அடிச்சட்டத்துக்குக் கடத்தும். இதைக் குறைக்க இருக்கைகளில் இரப்பர் அல்லது பாலியூரித்தேன் அடுக்குகள் வைக்கப்படுகின்றன.

பாதுகாப்பு

காற்றுவில்லுக்கும் சுருள்வில்லுக்கும் பழுதுபார்ப்பவரின் பார்வையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காற்றை வெளியேற்றிவிட்டால் பையில் விசை இராது. சுருள்வில்லை அவ்வாறு வெறுமையாக்க முடியாது.

மேற்கண்ட எடுத்துக்காட்டில், இயல்பான நிலையில் வில்லில் சேமிக்கப்பட்டுள்ள ஆற்றல் ஏறத்தாழ 863 ஜூல் ஆகும். இது 88 கிலோகிராம் திணிவுள்ள பொருள் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றலுக்குச் சமம். வண்டியை உயர்த்தி, சக்கரங்கள் 80 மில்லிமீட்டர் கீழே தொங்கும் நிலையிலும் வில் இன்னும் 30 மில்லிமீட்டர் அமுங்கியே இருக்கும். அப்போதும் அதில் ஏறத்தாழ 4,280 நியூட்டன் விசை, அதாவது 436 கிலோகிராம் திணிவின் எடைக்கு நிகரான விசை உள்ளது. தணிப்பானே புயங்களின் கீழ்நோக்கிய அசைவைத் தடுத்து நிறுத்துவதாக இருந்தால், அதைக் கழற்றும் கணத்தில் இவ்விசை கட்டுப்பாடின்றி வெளிப்படும். எனவே உரிய வில் அமுக்கியும் புயங்களுக்கான தாங்கலும் இன்றி இவற்றைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்தானது.

பல நாடுகளில் தொங்கலமைப்பில் செய்யும் மாற்றங்களுக்கு ஊர்திப் பரிசோதனை அலுவலகத்தின் ஒப்புதலும், காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்பும் தேவைப்படும்.

நன்மைகளும் குறைபாடுகளும்

நன்மைகள்

* கசிவு, அமுக்கி, அடைப்பிதழ் ஆகியவற்றால் வரும் பழுதுகள் இல்லை.
* நீண்டகாலம் நிறுத்திவைத்தாலும் வண்டி தாழ்வதில்லை.
* சுருள்வில் முறிந்தாலும் பெரும்பாலும் எஞ்சிய சுற்றுகள் எடையின் ஒரு பகுதியையேனும் தாங்கும்.
* எளிய கருவிகளால் பரிசோதிக்கலாம்.

குறைபாடுகள்

* எடைக்கேற்ப உயரத்தைத் தானே சரிசெய்யும் பண்பு இழக்கப்படுகின்றது.
* காலி வண்டியில் பயணம் சற்று முரடாகின்றது.
* ஆண்டுகள் செல்லச் செல்ல வில் சிறிது தளர்ந்து உயரம் குறையலாம்.
* நிறுத்துமிடத்தில் வண்டியை மட்டப்படுத்த முடியாது.

இறுதியாகக் கூறப்பட்ட குறைபாடு தோன்றுவதைவிடப் பெரியது. வீட்டூர்திகளில் பரவலாக உள்ள உறிஞ்சல் வகைக் குளிர்பதனப் பெட்டியில் நகரும் உறுப்புகள் இல்லை; அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பாலேயே குழாய்களில் ஓடித் திரும்புகின்றது. வண்டி நெடுநேரம் சாய்ந்து நின்றால் கரைசல் தேங்கி, குளிர்பதனப் பெட்டி பழுதாகலாம். காற்றமைப்பில் ஒரு விசையை அழுத்தி வண்டியை மட்டப்படுத்த முடிந்தது. சுருள்வில் பொருத்தியவர்கள் சக்கரத்தின் கீழ்க் கட்டைகளை வைக்கவோ, தனியான தூக்கிகளைப் பொருத்தவோ வேண்டியுள்ளது.

பிற ஊர்திகளில்

காற்றுவில்லைச் சுருள்வில்லாக மாற்றுவது வீட்டூர்திகளுக்கு மட்டும் உரியதன்று. முன்னர்க் குறிப்பிட்ட 1957 ஆம் ஆண்டுக் காடிலாக்கின் பல வண்டிகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே சுருள்வில்லுக்கு மாற்றப்பட்டன. 1990களின் ரேஞ்ச் ரோவர் ஊர்திகளிலும் இம்மாற்றம் பரவலாகச் செய்யப்பட்டது. நுட்பத்தில் உயர்ந்த ஓர் அமைப்பு, அதைப் பேணுவதற்கான செலவும் உறுப்புகளும் கிடைக்காதபோது எளிய அமைப்புக்கு இடம்விடுவதை இவ்வெடுத்துக்காட்டுகள் காட்டுகின்றன.

மூல வடிவத்தைப் பேணுதல்

இம்மாற்றம் குறித்து உரிமையாளர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. ஒரு சாரார், தானே மட்டப்படுத்திக்கொள்ளும் காற்றுவில்லே இவ்வூர்தியின் தனித்தன்மை என்றும், அதை நீக்குவது வரலாற்று மதிப்பைக் குறைக்கும் என்றும் கருதுகின்றனர். புதிய பைகள், காற்று உலர்த்தி, தரமான குழாய்கள் ஆகியவற்றைப் பொருத்தினால் மூல அமைப்பே நம்பகமாக இயங்கும் என்பது அவர்கள் வாதம். மறுசாரார், காட்சிக்கு நிறுத்தப்படுவதைவிடத் தொடர்ந்து ஓடுவதே ஒரு வண்டியைக் காக்கும் என்கின்றனர்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. அடிச்சட்டத்தை வெட்டாமலும் துளையிடாமலும், பழைய பையின் இணைப்பு இடங்களையே பயன்படுத்தும் சுருள்வில் தொகுதியைத் தேர்ந்து, கழற்றிய காற்று உறுப்புகளைப் பாதுகாத்து வைக்கலாம். அவ்வாறு செய்யும்போது, பின்னொரு நாளில் மூல அமைப்பை மீட்டமைக்க விரும்புபவருக்கு வழி அடைபடுவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* தொங்கலமைப்பு
* சுருள்வில்
* ஊக்கின் விதி
* பாயிலின் விதி
* முறுக்குத் தண்டு
* அதிர்வுத் தணிப்பான்
* முன்சக்கர இயக்கம்